பசினிக்காக நகர்ந்த வளையம்

அக்டோபர் இரண்டாம் வெள்ளிக்கிழமை, பெர்த் அணியோடு நடந்த கூடைப்பந்து ஆட்டத்தில், எங்கள் தலூங்கா ஸ்டேடியத்தின் கிழக்கு வளையம் பிரென்ட் பசினி எறிந்த பந்தை நோக்கி நான்கு விரற்கடை நகர்ந்து, பந்தை வாங்கிக்கொண்டு, பழைய இடத்துக்கே திரும்பியது. நடுவர்கள் மூன்று பேரும் பார்த்தார்கள். வளையம் தானாக நகரக் கூடாது என்று விதிப்புத்தகத்தில் எங்கும் இல்லாததால் மூன்று புள்ளி கொடுத்தார்கள். கேன்டீனில் அன்று இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி ஏழு டாலர், சாஸ் தனி.

பசினிக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. பதினோரு வருடமாக எங்கள் கிளப்பில் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தான். ஆடினான் என்பது மரியாதைக்குச் சொல்வது. நல்ல ஆட்டக்காரர் யாருக்காவது கால் பிசகினால் பெஞ்சிலிருந்து எழுப்பிவிடுவார்கள், அவர் தேறியதும் உட்காரவைப்பார்கள். தூரத்துக் கோட்டிலிருந்து நூறு பந்து எறிந்தால் முப்பது விழும். காலை ஐந்து மணிக்கு வந்து தனியாக அறுநூறு பந்து எறிவான். பதினோரு வருடமும் எறிந்தான், பதினோரு வருடமும் முப்பதுதான். இடது முட்டியை இரண்டு முறை அறுத்துத் தைத்திருந்தார்கள். கிளினிக் கவுண்டரில் வேலை பார்க்கும் அவன் மனைவி கெய்லீன், இதுதான் கடைசி வருடம் என்ற பேச்சை ஒவ்வொரு மார்ச்சிலும் கேட்டுக் கேட்டு, தலையாட்டுவதைக்கூட விட்டிருந்தாள். ஆனால் இந்த முறை அவன் உண்மையாகவே சொல்லியிருந்தான். ஜூனில் அரவை தொடங்கும்போது வயலிலிருந்து கரும்பு ஏற்றிவரும் ரயிலை ஓட்ட வருவதாகச் சர்க்கரை ஆலையில் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. உட்கார்ந்தே செய்யும் வேலை. மற்றவர்கள் கோப்பைக்கு ஏங்குகிற மாதிரி அவன் அந்த இருக்கைக்கு ஏங்கினான்.

அந்த நேரம் பார்த்துத்தான் வளையம் நகர்ந்தது. பிறகு அடிலெய்டில் நகர்ந்தது, ஆக்லாந்தில் கடல் கடந்தும் நகர்ந்தது. நூற்றுக்கு முப்பது போய் நாற்பத்தாறு ஆயிற்று. தெற்கத்திப் பத்திரிகைகள் வளையத்தைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு, இந்த முன்னேற்றம் நிஜமா, நாலு நாள் அதிர்ஷ்டமா என்று இரண்டு பக்கம் எழுதின. எங்கள் ஊரிலும் அதே பேச்சு. "அறுத்துத் தச்ச முட்டி, முப்பத்துமூணு வயசு, இப்பத்தான் மொட்டு விடுதாக்கும்," என்றார் மீன் கடைக்காரர், பொட்டலம் மடித்துக்கொண்டே. நிஜமென்றால் இரண்டு வருட கான்ட்ராக்ட், இல்லையென்றால் கைகுலுக்கி அனுப்பிவிடலாம் என்று கிளப் கமிட்டி முடிவு செய்து, தீர்ப்பை மெர்வ் கிராட்டனிடம் விட்டது.

மெர்வ் எங்கள் ஆட்டங்களுக்குப் புள்ளி குறிப்பவர். அதற்கு முன் நாற்பது வருடம் ஆலையில் கரும்புச் சாற்றின் இனிப்பைச் சோதித்தவர். சொந்தத் தம்பியின் கரும்பையே சப்பையென்று எழுதியவர் என்பதால் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. "போன வருஷம் மழை இல்ல, ஊர்ல எல்லாருக்கும் கரும்பு இனிச்சுது. அதுக்காக எல்லாரையும் நல்ல விவசாயின்னு சொல்லிட்டமா?" என்று கேட்டுவிட்டு, சீசன் முடியட்டும், முந்நூறு பந்து எறியச் சொல்லிப் பார்க்கிறேன் என்றார்.

அன்று சாப்பாட்டு மேசையில் பசினி கெய்லீனிடம் மனதிலிருந்ததைச் சொன்னான்.

"பொய்யின்னு சொல்லிட்டா போதும். நிம்மதியாப் போய் ரயில்ல உக்காந்துருவேன்."

"நிஜம்னு சொல்லிட்டா? அப்பவும் வேண்டாம்னுட்டு வா. யாரு கட்டி வச்சிருக்கா?"

"பதினோரு வருஷம் இதத்தானே கேட்டேன். வந்தப்புறம் எப்படி எந்திரிச்சுப் போறது?"

கெய்லீன் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கும் பதினோரு வருடக் களைப்பு இருந்தது. அதை யாரும் நூற்றுக்கு எத்தனை என்று குறித்து வைக்கவில்லை.

பிப்ரவரி கடைசியில் சோதனை. வளையம் அசைந்தால் கணக்கு நிற்காது என்று ஆலை ஃபிட்டர்கள் தண்டவாள இரும்பை வைத்து அதைச் சுவரோடு வெல்டிங் செய்தார்கள். முதல் நூறு பந்தில் பசினி சின்ன மோசடி ஒன்று செய்தான். முட்டியை அரைகுறையாக மடித்தான், மணிக்கட்டைச் சோம்பலாக விட்டான், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. வளையத்துக்குத் தெரிந்தது. அது அசையப் பார்க்கவேயில்லை. இருபத்தேழு விழுந்தது. பசினி கெய்லீனைப் பார்த்து லேசாகச் சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

இரண்டாம் நூறில் அவன் களைத்துவிட்டான். களைத்த கைக்கு ஏமாற்றத் தெரியவில்லை, அது பாட்டுக்குப் பழைய காலை ஐந்து மணிப் பழக்கத்தில் எறிய ஆரம்பித்தது. இரும்பு பிடித்திருந்ததால் வளையத்தால் தனியாக நகர முடியவில்லை. ஸ்டேடியத்தின் கிழக்குச் சுவரே நான்கு விரற்கடை நகர்ந்து பந்தை வாங்கியது. கேன்டீன் கூரையிலிருந்து காரை பெயர்ந்து எண்ணெய்ச் சட்டியில் விழுந்ததால் அன்று சிப்ஸ் கிடையாது. அறுபத்தெட்டு விழுந்தது. மூன்றாம் நூறில் சுதாரித்துக்கொண்டு மறுபடி சோம்பலாக எறிந்தான், முப்பது. எல்லாம் கூட்டினால் சுமார்தான் என்று அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

மெர்வ் முதல் நூறும் மூன்றாம் நூறும் குறித்த தாள்களைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"வரப்பு ஓரத்துக் கரும்ப யாராவது சோதனைக்கு வெட்டுவாங்களா? நடு வயல்லதான் வெட்டணும். நடு நூறு அறுபத்தெட்டு. நிஜம்தான்."

"மெர்வ், செவுரே நகந்துச்சு. நீங்களும்தான் பாத்தீங்க."

"பாத்தேன். மொத நூறுல ஏன் நகரல? கோச் எறிஞ்சா நகருமா? நான் எறிஞ்சா நகருமா? ஒழுங்கா எறிஞ்சாத்தான் அது வருது. எறிஞ்சது நீ."

கரும்பு வீட்டில் பிறந்தவன், நடு வயல் சங்கதி தெரிந்தவன், மோசடியை நடுவில் வைத்திருக்க வேண்டும். ஓரத்தில் வைத்துவிட்டான். பசினி தரையில் உட்கார்ந்தான். சுற்றி நின்றவர்கள் சந்தோஷம் தாங்காமல் உட்கார்ந்துவிட்டான் என்று நினைத்துக் கைதட்டினார்கள். கெய்லீன் மட்டும் கைதட்டாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நிஜம்தானாம்," என்றான்.

"எனக்குத் தெரியும். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்," என்றாள். "எந்திரி. போற வழியில முட்டிக்கு ஐஸ் வாங்கணும்."

கான்ட்ராக்டில் கையெழுத்தாயிற்று. சுவர் நகர்வதற்குத் தோதாக அஸ்திவாரத்தை ஒரு கை அகலம் கூட்டிக் கட்டினார்கள், லீக்கும் அதை அனுமதித்துக் கடிதம் போட்டது. வெல்டிங்கை அறுத்தெடுத்த மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பசினி ஸ்டேடியத்தைத் திறந்து விளக்குப் போட்டான். பந்துக் கூடையை இன்னும் வெளியே எடுக்கவில்லை. அதற்குள் வளையம் நான்கு விரற்கடை முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, முட்டியை ஒழுங்காக மடித்து, முதல் பந்தை எறிந்தான்.