வாய் தெரியாத இடம்

கதாநாயகியின் அண்ணனை நான் ஏழாவது எபிசோடில் கொன்றேன். பதினொன்றாவது எபிசோடில் அவன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, என் மைத்துனனின் கண்ணெதிரில்.

தொழிலைச் சொல்லிவிடுகிறேன். அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களுக்குத் தமிழில் வசனம் எழுதுபவன் நான். திரையில் வாய் எத்தனை தடவை திறந்து மூடுகிறதோ அத்தனைக்குள் வாக்கியத்தை மடித்து அடைக்க வேண்டும், சின்னப் பெட்டிக்குள் பெரிய போர்வையை அமுக்குவது மாதிரி. பாத்திரம் முதுகைக் காட்டி நின்றால் மட்டும் கவலை இல்லை. அதை நாங்கள் 'வாய் தெரியாத இடம்' என்போம். அங்கே எதைப் பேசினாலும் பொருந்தும். எனக்குக் கெட்ட புத்தி வருவதும் அங்கேதான்.

தொடரின் கதை இதுதான். கலங்கரை விளக்கத்தைக் காக்கும் ஒரு பெண். விளக்கு அறையின் சாவி அவள் அண்ணன் கழுத்தில் தொங்குகிறது. நான்காவது எபிசோடில் அண்ணன் சாவியோடு கடலில் விழுந்து காணாமல் போகிறான். ஏழாவதில் தங்கை அதே சாவியால் பூட்டைத் திறக்கிறாள். சாவி எப்படி வந்தது? யாரும் கேட்கவில்லை. அவள் கடலைப் பார்த்து, நமக்கு முதுகைக் காட்டி, "தண்ணி ரொம்பக் குளிருது" என்கிறாள். அவ்வளவுதான் விளக்கம்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பால் பொங்கி வழிந்தால் அடுப்பை அணைக்காமல் ஏன் பொங்கியது என்று யோசிக்கிற ஆள் நான் என்பது என் மனைவியின் புகார். அபாண்டம். ஒரே ஒரு தடவைதான் நடந்தது. கடைசியில் அந்த முதுகுக்கு நானே ஒரு வசனம் எழுதினேன்: "அண்ணன் பிணமா கரை ஒதுங்கினப்போ, அவன் கழுத்துலேருந்து எடுத்தேன்."

அதைப் பேசியவர் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவர், மூன்று பிள்ளைகளின் தாய், திரையில் பதினாறு வயது நாயகி. பேசி முடித்து அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். அடுத்து என்ன வருமென்று எனக்கெப்படித் தெரியும்? கதை வெளியே கசிந்துவிடுமென்று கம்பெனிக்காரர்கள் இரண்டிரண்டு எபிசோடாகத்தான் அனுப்புவார்கள்.

இப்போது பதினொன்று வந்திருந்தது. அண்ணன் வருகிறான், மேஜையில் உட்காருகிறான், "சாப்பிட என்ன இருக்கு?" என்கிறான். தங்கை சூப் ஊற்றுகிறாள். எங்கே போனாய், எப்படி வந்தாய், ஒரு கேள்வி கிடையாது.

மைத்துனன் படத்தை நிறுத்தினான். மனைவியின் தம்பி, இந்த டப்பிங் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு அவன் பொறுப்பு. எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். அண்ணனுக்கு மொத்தமே நாலைந்து வரி என்பதால் அந்தக் குரலையும் அவனே கொடுத்துவந்தான்.

"என்னைக் கொன்னுட்டீங்களே மாமா."

சிரிக்கலாமா என்று பார்த்தேன். அவன் முகத்தில் அதற்கு இடமில்லை.

"பிணம் கரை ஒதுங்குச்சுன்னு அவங்க எழுதினாங்களா, நீங்க எழுதினீங்களா?"

"முதுகுதானே தெரிஞ்சுது" என்றேன். அவன் அலமாரியைப் பார்த்தான். அதில் ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு தாள் உண்டு: 'மூலத்தில் இல்லாத எதுவும் சேர்க்கப்படவில்லை.' அடியில் கையெழுத்து அவனுடையது. பொய்யென்று தெரிந்தால் வேலை போகும் என்று அதே தாளில் அச்சடித்திருக்கும். அவன் மூலத்தைப் படித்ததே இல்லை. மாமா எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று பதினோரு வருஷ வேலையை என் பேனாவில் கட்டித் தொங்கவிட்டிருந்தான்.

நாலு மணிக்குக் கம்பெனியிலிருந்து சரிபார்க்கும் அம்மையார் வருகிறார். நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. எல்லா எபிசோடையும் பார்க்க மாட்டார், இடையிடையே ஒன்றைப் பிடிப்பார்; இந்தத் தடவை பதினொன்று. ஏழாவதை ரகசியமாகத் திருத்த வழியில்லை. கம்பெனிக்குப் போய்விட்டது, அடுத்த வாரம் ஒளிபரப்பு. பதினொன்றில் ஏதாவது ஒட்டுப்போட்டால்தான் உண்டு.

அந்தக் காட்சியின் மற்ற வரிகளைப் பதிவு செய்துவிட்டு, படத்தை அங்குலம் அங்குலமாக ஓட்டிப் பார்த்தோம். எல்லோரும் நேருக்கு நேர், வாய் பளிச்சென்று தெரியப் பேசினார்கள். ஒரே ஒரு இடம்: அண்ணன் கிண்ணத்தைத் தூக்கி சூப்பைக் குடிக்கும்போது வாய் மறைகிறது. இரண்டரை நொடி.

"நான் சாகல, நடிச்சேன்" என்று எழுதினேன். எதற்காக நடித்தான் என்று, குரல் கொடுக்க வந்திருந்த டீச்சர் கேட்டார். வரியை அடித்தேன். "அது வேற ஆளு" என்று எழுதினேன். கூடப்பிறந்தவளுக்கு அடையாளம் தெரியாதா என்றார். கணக்கு டீச்சரை நாயகியாகப் போட்டால் இதுதான் கதி. ஒரு ஓட்டையை அடைத்த வசனம் மூன்று ஓட்டை போட்டிருந்தது. மூலக்கதை எழுதிய மகராசனை இத்தனை நாள் திட்டியதற்கெல்லாம் சேர்த்து வியர்த்தது.

மூன்றரைக்கு ஒன்றைப் பிடித்தேன்: "முகம் வீங்கியிருந்துச்சுல்ல, அது வேற ஆளு." மைத்துனன் ஒரு டம்ளரை வாயருகே பிடித்துக்கொண்டு பேசினான், கிண்ணத்துக்குள்ளிருந்து வருவது போல இருக்க வேண்டுமே. ஐந்தாவது தடவையில்தான் சரியாக வந்தது. அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

அம்மையார் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார். மடியில் மூலப் பிரதி, கையில் பென்சில். படம் ஓடியது. கதவு திறந்தது. சூப் வந்தது. கிண்ணம் எழுந்தது. பென்சில் நின்றது.

"திரும்பப் போடுங்க."

போட்டான்.

"கிண்ணத்துக்குள்ளேருந்து ஒருத்தர் பேசறாரே, யாரு அது? இங்க வெறும் உறிஞ்சுற சத்தம்தானே இருக்கு?"

அம்மையார் சற்று யோசித்துவிட்டு, முகம் வீங்கிய அந்த ஆள் எந்த எபிசோடில் வருகிறார் என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே பழைய வசனத் தாள்களைப் புரட்டினார். ஏழாவதைப் போடச் சொன்னார். டீச்சரின் குரலில் பிணம் கரை ஒதுங்கியது. அலமாரித் தாள் அவர் கைக்குப் போனது. கையெழுத்தின் மேல் பென்சில் முனை வந்து உட்கார்ந்தது.

நான் எழுந்தேன். "எழுதினது நான், மேடம். இவனுக்கு மூலம் தெரியாது. என்னை நம்பிப் போட்ட கையெழுத்து."

"எனக்குத் தெரியும்," என்றான் மைத்துனன். "தெரிஞ்சுதான் போட்டேன்."

பச்சைப் பொய். அதுவும் அவனுக்கு ஒரு பைசா உதவாத பொய். தெரியாது என்று சொன்னால் தப்பிக்க வழி உண்டு. தெரியும் என்றால் கழுத்தில் கத்தி. எதற்காகச் சொல்கிறான்? என் மண்டை வழக்கம்போலக் காரணம் தேடி ஓடியது, ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்தது.

அம்மையார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தொடர்லதான் லாஜிக் இல்லைன்னு நினைச்சேன்," என்றார். இரண்டு வசனங்களையும் அங்கேயே நீக்கச் சொன்னார். எங்கள் வேலை விஷயத்தைச் சாயங்காலம் போனில் சொல்வதாக மைத்துனனிடம் சொன்னார். டீச்சர் மைக் முன் போய் நின்று, "தண்ணி ரொம்பக் குளிருது" என்றார். மைத்துனன் ஒரு டம்ளர் தண்ணீரை உறிஞ்சிப் பதிவு செய்தான். பையை எடுத்தான், போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தம்பிக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. நானும் போட்டேன், ஐந்து தடவை. இனி இந்த வாசலை மிதிக்க மாட்டான் என்று மனதுக்குள் எழுதி, அதற்குப் பொருத்தமான காரணங்களையும் வரிசையாக எழுதிவைத்தேன்.

ஏழு மணிக்குக் கதவு திறந்தது. செருப்பைக் கழற்றினான், நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"சாப்பிட என்ன இருக்கு?"

மதியம் பதிவு செய்த அதே குரல். அதே வரி. மனைவி ஏதோ கேட்க வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். சோற்றைப் போட்டாள்.

இரண்டாம் தடவை வாங்கிக்கொண்ட பிறகுதான் பேசினான். "போன் வந்துச்சு. எனக்கு வேலை இருக்கு. ஆறு மாசத்துக்குக் கையெழுத்து மட்டும் வேற ஆளு. உங்க வேலை இந்தத் தொடரோட சரி, மாமா."

எனக்கு மூச்சு வந்தது. தெரியும் என்று ஏன்டா சொன்னாய் என்ற கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவன் டம்ளரைத் தூக்கித் தண்ணீர் குடித்தான். வாய் மறைந்தது. இரண்டரை நொடி இருக்கும்.

அந்த இடத்தில் நான் எதையும் எழுதவில்லை.