புஷ்பா அக்கா வீட்டுச் சுவரில் ஒரு பக்கம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னை நல்லவள் என்று நம்பிப் பிறகு நீங்கள் ஏமாற வேண்டாம்.

ஆக்லாந்தில் வேலை கிடைத்து, விசாவுக்குக் காத்திருந்த மூன்று மாதம் மலேசியாவில், கோலா சிலாங்கூரில் ஒரு சிறு தொண்டு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துப் பெண்களுக்குச் சிறுகடன் தரும் இடம். கடன் வாங்கியவர்களைப் பற்றி ஆளுக்கொரு பக்கம், நன்கொடையாளர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலை.

2

'அதிகாலைப் பனியில் செம்பனை மரங்கள்...' (வேண்டாம். அந்த நேரத்துக்கு நான் ஒருநாளும் எழுந்ததில்லை.)

புஷ்பா அக்கா கடனில் ஒரு குளிர்பெட்டி வாங்கி, உருளைக்கிழங்கு மசாலா அடைத்த கறிபாப் செய்து உறையவைத்து விற்கிறார். கணவர் சுகுமாறன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். வேலை முடிந்து வந்து குளித்ததும், கறிபாப் ஓரங்களை மடித்துப் பின்னுவது அவர்தான். அக்கா மடித்தால் எண்ணெயில் வாய் பிளந்துவிடுமாம்.

இதை அப்படியே எழுதியிருக்கலாம். சந்தோஷமான குடும்பத்துக்கு யார் பணம் தருவார்? பியர்கூடத் தொடாத மனிதரைக் குடிகாரராக்கி, வீட்டைவிட்டும் ஓடவைத்தேன். [அலுவலகத்தில் என் நடையைப் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.]

3

அறிக்கை அச்சாகி வந்தது. வாராந்தரக் கூட்டத்தில் அக்கா அதை என் கையில் கொடுத்தார்.

"தங்கச்சி, இந்தப் பெரிய இங்கிலீஷெல்லாம் எங்களுக்கு ஓடாதுலா. தமிழ்ல படிச்சுச் சொல்லேன். இவரும் லீவு போட்டுட்டு வந்திருக்காரு."

அத்தனை பெண்களுக்கு நடுவே அவர் ஒருவர்தான் ஆண். இஸ்திரி போட்ட சட்டை.

அப்போது நான்—

நான் உண்மையைச்—

இல்லை. பக்கத்தைப் பார்த்தபடியே அதில் இல்லாததை வாசித்தேன். லோரி ஓட்டும் கை எத்தனை மெதுவாக மாவை மடிக்கிறது என்று, ஒரு மடிப்புகூட விடாமல். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"நம்மளப் பத்தி இப்படி யாரும் எழுதினதில்லம்மா," என்றார்.

வாய்க்கு வந்ததைச் சொன்ன அந்த ஐந்து நிமிடம்தான் நான் ஒழுங்காக எழுதிய முதல் பக்கம். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அச்சான பக்கத்துக்குக் கண்ணாடி பிரேம் போட்டு, ஹாலில் மாட்டிவிட்டார்கள்.

4

முடிவு ஒன்று: விமானம் ஏறுமுன் சொல்லிவிடுகிறேன். (சொல்லவில்லை. இரண்டு வருடமாகிறது.)

முடிவு இரண்டு: பிரேம் விழுந்து நொறுங்குகிறது. (மலிவான தந்திரம். ஆணி அடித்தவர் சுகுமாறன் அண்ணன், லேசில் விழாது.)

நேற்று அக்காவின் குரல் வாட்ஸ்அப்பில் வந்தது.

"தங்கச்சி, நம்ம தனேஸ்வரி ஸ்கூல்ல இங்கிலீஷ்ல மொத ஆளு, தெரியுமா? சொவத்துல இருக்கிறத அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுறேன்னு நிக்கிறா. ஞாயித்துக்கெழம எல்லாரும் ஒக்காந்து கேக்கப்போறோம்."

தனேஸ்வரிக்குப் பதினொரு வயது. இன்று வெள்ளிக்கிழமை.

இந்தக் கதையை அனுப்பினால் அந்த மனிதரின் மனத்தை நான் உடைப்பேன். அனுப்பாவிட்டால் அவர் மகள் உடைப்பாள், என்ன படிக்கிறோம் என்று பாதியில் புரிந்துகொண்டு, நிறுத்தவும் தெரியாமல்.

அதை அந்தப் பிள்ளையின் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. ஆகவே அனுப்பத்தான் போகிறேன். கதைக்கு மேலே வைத்து அனுப்ப ஒரு கடிதம் வேண்டும். 'அண்ணே' என்று தொடங்கியிருக்கிறேன். அடுத்த வரி எனக்கு வரவில்லை, நீங்கள் சொல்லுங்கள்.