ராசியில்லாத நைனா

"நீ வராத நைனா, அவ்ளோதான்—"

"நான் பாட்டுக்குப் பின்னாடிதானே நிக்கிறேன், எப்பவுமே நான்—"

"எப்பவுமேதான். நீ நிக்கிறே, நான் தோக்கறேன்—"

"முழுசா சொல்ல வுடு ஜூடி, எல்லா ஆட்டத்துக்கும் நான்—"

"கொருக்குப்பேட்டைல நின்னே, தோத்தேன். பெரம்பூர்ல நின்னே, தோத்தேன். போன வருசம் திருவொத்தியூர்ல தலைய நிமுந்து பாத்தா எதிர்ல நீ. அதோட முடிஞ்சிது."

ராயபுரத்து அந்த வீட்டின் அகலத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு குரல்கள் அடங்காது. எது ஓங்குகிறதோ அது கூடத்தில் நிற்கும், மற்றது சமையல்கட்டுப் பக்கம் ஒதுங்கிவிடும். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, லாரிக்காரர்களோடு மல்லுக்கு நின்றே உரம் ஏறிய தொண்டை அம்புரோஸுடையது. ஆனால் அது மகளிடம் மட்டும் எடுபடாது. கேரம் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காத பெண், அந்த அமைதிக்கெல்லாம் சேர்த்து வீட்டில் வட்டியும் முதலுமாகப் பேசிவிடுவாள்.

தோசைக்கல்லை விட்டுத் திரும்பாமலே அம்புரோஸின் மனைவி ஹில்டா தீர்ப்புச் சொன்னாள். மாவட்ட அளவில் இறுதி ஆட்டம்; பொண்ணு மனசு கோணாமல் ஆட வேண்டும். மனுஷன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடக்கிற மாடிக்கு ஏறாமல் கீழேயே நின்றால் என்ன குடி முழுகிவிடும்? அவளைக் கொண்டுபோய் விடட்டும், கூட்டிக்கொண்டு வரட்டும், நடுவில் மேலே போக வேண்டாம். அப்படியும் தோற்றால் வேறு யாரையாவது குற்றம் சொல்லிக்கொள்ளலாம்.

அம்புரோஸ் வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குள் காலை நுழைத்தார். பிள்ளை ஏழு வயதில் ஸ்ட்ரைக்கரைப் பிடித்த நாளிலிருந்து அவருக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. அவள் சுண்டுகிற அந்த 'டக்' சத்தத்தைக் கேட்பதற்காகவே ஷிஃப்டை மாற்றிக்கொள்வார். இனிமேல் அதுவும் இல்லை என்றால் மனிதன் எதைப் பார்க்க உயிரோடு இருப்பது?

கோபம் வந்திருந்தால் பரவாயில்லை. வந்தது சந்தேகம். அவர் கடைசி வரைக்கும் நின்று பார்த்த ஆட்டங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். அவள் சொன்னது பொய் இல்லை, எல்லாம் தோல்விதான். ஜெயித்த ஆட்டங்களில் அவர் பாதியிலேயே இறங்கிவிடுவார். அவருக்குத் தன் கண்மேலேயே பயம். ஜெயிக்கிற பிள்ளையைப் பெற்றவன் ரொம்ப நேரம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தால் அவன் கண்ணே பட்டுவிடும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தார். யார், எப்போது என்பது மறந்துவிட்டது. பயம் மட்டும் மறக்கவில்லை. அதனால் பிள்ளை முந்திவிட்டாள் என்று தெரிந்தவுடன் படியிறங்கி, ஒரு டீயைக் குடித்துவிட்டு, அப்படியே சாயந்திர ஷிஃப்டுக்குப் போய்விடுவார். அவள் கோப்பையோடு வீட்டுக்கு வரும்போது அவர் துறைமுகத்தில் இருப்பார்.

'நின்றால் தோற்கிறாள். நான்தான் பீடை போலிருக்கிறது' என்று முடிவு கட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

சர்ச்சில் பூசை முடிந்த கையோடு புறப்பட்டும், கன்டெய்னர் லாரிகளின் வாலைப் பிடித்துக்கொண்டே திருவொற்றியூர் போய்ச் சேர வேண்டியதாயிற்று. பின்னால் உட்கார்ந்திருந்த ஜூடி வழியெல்லாம் தொடைமேல் விரலைச் சுண்டிக்கொண்டே வந்தாள். இறங்கியதும், மேலே வரக்கூடாது என்பதை விரலாலேயே சொல்லிவிட்டு, கேரம் மன்றத்தின் மாடிப்படியில் ஏறினாள்.

படிக்குக் கீழே செங்கொடியின் டீக்கடை. பெஞ்சில் வந்து விழுந்த அம்புரோஸைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"வா அண்ணாத்த. நீ வந்துட்டியா, இன்னிக்கி கப்பு பாப்பாவுக்குத்தான்."

அம்புரோஸ் கசப்பாகச் சிரித்தார். வீடே தன்னைப் பீடை என்கிறது, இவளுக்குக் கிண்டலாக இருக்கிறது என்று நினைத்தார். செங்கொடிக்கோ அது கிண்டல் இல்லை, அனுபவம். இந்த மன்றத்தில் எத்தனை போட்டி பார்த்தாயிற்று! இந்த மனுஷன் வந்து டீ குடித்த நாளிலெல்லாம் அந்தப் பெண் ஜெயித்துவிட்டுத்தான் இறங்கும். இவர் கிளாஸைத் தொடாத நாளில் அது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போகும். ஒரு தடவைகூடத் தவறியதில்லை என்று அவள் சாதித்தாள்.

அந்த நேரம் பார்த்து மேலே ஜன்னலில் அமீருதீன் தலையை நீட்டினார். ஜூடிக்கு ஸ்ட்ரைக்கர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். முதல் செட் போய்விட்டது, கொடுங்கையூர் மதி பின்னி எடுக்கிறாள் என்று சொல்லிவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். மூன்று செட்டில் இரண்டு எடுத்தால் வெற்றி. இன்னொன்று போனால் ஆட்டமே முடிந்துவிடும்.

செங்கொடி பதறிப்போனாள். கொதிக்கக் கொதிக்க ஒரு கிளாஸை அவர் கையில் திணித்தாள்.

"சீக்கிரம் குடி அண்ணாத்த. ஆற வுடாத."

நாக்கு வெந்துபோக அவர் குடித்தார். ஒன்று போதாது என்று இன்னொன்றையும் குடிக்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மேலே கைதட்டல் கேட்டது. ஜன்னலில் அமீருதீன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இரண்டாவது செட் ஜூடிக்கு.

இடைவேளையில் கைப் பவுடரைக் கழுவ ஜூடி கீழே வந்தாள். அவள் குழாயைத் திறப்பதற்குள் செங்கொடி தன் பங்கைக் கேட்டுவிட்டாள்.

"உன் நைனாவுக்கு ரெண்டு டீய எறக்கினேன், அதான் உனக்கு செட்டு வந்துது."

"இல்லக்கா. இவரு மேல இல்ல, அதான் வந்துது."

ஒரே செட்டுக்கு இரண்டு பேர் பட்டா கேட்டார்கள். ஒருத்திக்கு அவர் வந்ததால் வெற்றி, இன்னொருத்திக்கு அவர் வராததால் வெற்றி. இருவர் பேச்சிலும் பொய் இல்லை. காசிமேட்டு ஏலத்தில் கிடக்கிற வஞ்சிர மீன் மாதிரி அம்புரோஸ் நடுவில் கிடந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். திடீரென்று அவருக்குள் ஏதோ இடறியது.

"அப்ப மொத செட்டு ஏன் போச்சி? நான் இங்கதானே குந்திகினு இருந்தேன்?"

"வாசப்படி வரைக்கும் வந்து எட்டிப் பாத்திருப்பே."

"அந்த பெஞ்ச வுட்டு நவுரல பாப்பா, நான் சாட்சி" என்றாள் செங்கொடி.

ஜூடி குழாயைத் திறந்து கையை நீட்டினாள். பிறகு ஒரு செட்தானே, அது கணக்கில் வராது என்றாள். அம்புரோஸ் விடவில்லை. எண்ணூரில் ஜெயித்தாளே, அன்றைக்குத் தான் எங்கே இருந்தேன் என்று கேட்டார். துறைமுகத்தில் என்றாள் அவள். இல்லை என்று தலையாட்டினார்.

"அன்னிக்கி செகப்புக் காய பின்னால அடிச்சி, ஓரத்தோட உருட்டி வுட்டே. அந்த பொண்ணு ரெண்டு கையவும் தலைல வச்சிகிச்சி."

குழாய்த் தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த அடியைப் பற்றி ஜூடி வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. ராயபுரம் லீக் ஆட்டத்தைக் கேட்டாள், வந்தேன் என்றார். அதற்கு முந்தியதைக் கேட்டாள், வந்தேன், பச்சைச் சுடிதார் போட்டிருந்தாய் என்றார்.

"அப்ப நான் ஏன் உன்ன பாக்கல?"

அம்புரோஸ் வெட்கத்தோடு கண்ணேறு விஷயத்தைச் சொன்னார். அவள் முந்திவிட்டால் அவர் டீக்கு இறங்கிவிடுவார். செங்கொடி அதற்குத் தலையை ஆட்டி ஆட்டி ஒப்புக்கொண்டாள்.

"தோக்கும்போது?"

"அப்ப எறங்க மனசு வராதும்மா. காலு ஒரு எடத்துல நிக்காது. ஒவ்வொருத்தரா ஒதுக்கிகினு முன்னாடி வந்துடுவேன்."

ஜூடி குழாயை மூடினாள். ஈரக் கையைத் துடைக்காமல் அப்படியே நின்றாள். போர்டில் கஷ்டமான காய் ஒன்று மாட்டினால் எந்தப் பக்கமிருந்து அடிப்பது என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"ஜெயிக்கிறப்போ நான் போர்ட வுட்டுத் தலையவே தூக்கறதில்ல நைனா" என்றாள் மெதுவாக. "தோக்க ஆரம்பிச்சாதான் மேல பாக்கறேன். அப்ப பாத்து நீ முன்னாடி வந்து நிக்கிறே."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கால் வந்தது, அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டது. அம்புரோஸுக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. அவர் நின்றதால் அவள் தோற்கவில்லை. அவள் தோற்றதால்தான் அவர் நின்றார். இத்தனை நாள் தலையில் சுமந்த பீடைப் பட்டம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அவரும் சிரித்தார். துறைமுகத்துத் தொண்டையில் அவர் சிரித்ததைக் கேட்டு, ரோட்டில் நின்ற லாரிக்காரன் எட்டிப் பார்த்தான்.

செங்கொடிக்கு மட்டும் முகம் வாடிவிட்டது. "அப்ப என் டீயால ஒண்ணும் இல்லியா?"

"அவரு உன் டீக்கு வர்றதே நான் ஜெயிக்க ஆரம்பிச்சப்புறம்தான்க்கா."

செங்கொடி யோசித்தாள். சரியாகத்தான் இருக்கிறது என்றாள். இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கிளாஸைக் கழுவி வைத்தாள்.

கடைசி செட்டுக்கு நேரமாகிவிட்டது என்று மேலிருந்து அமீருதீன் கத்தினார். ஜூடி ஈரக் கையோடு தகப்பனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினாள். பாதிப் படியில் அவர் நின்றார். புத்திக்குப் புரிந்தது கால்களுக்கு இன்னும் புரியவில்லை. கண்ணு படும் என்று உனக்கு யார் சொன்னது என்று அவள் கேட்டாள். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்றார். தெரியாதவர் பேச்சை இத்தனை வருஷம் கேட்டாயே, நான் கூப்பிட்டால் வர மாட்டாயா என்று சொல்லி அவள் மறுபடி இழுத்தாள்.

மன்றத்தில் கூட்டம் விலகி வழி விட்டது. போர்டுக்கு நேர் எதிரே, மதியின் முதுகுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை அதில் உட்கார வைத்தாள். நிமிர்ந்தால் அவர் முகம்தான் தெரியும். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து பவுடரைத் தூவினாள். நடுவர் காய்களை அடுக்கினார்.

அம்புரோஸ் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். முன்னால் குனிந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கிற அவருடைய ரகசியக் குரலில் கேட்டார்.

"ஜூடி, இத்த நீ தோத்துட்டா பழையபடி என் தலைலதானே வுழும்?"

அவள் ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தாள். தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். சிரிப்பு இன்னும் முகத்தைவிட்டுப் போகவில்லை.

"ஒரே ஒரு செட்ட வச்சி ஒண்ணும் சொல்ல முடியாது நைனா. இனிமே எல்லா ஆட்டத்துக்கும் வந்து, மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் என் எதிர்ல குந்து, அப்பதான் தெரியும்."