மூடியைத் திறப்பவர்

1.

இந்தக் கதை பாசியில் பிறந்தது. உத்வேகத்தில் பிறந்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பால்கனியில் நான் லெட்யூஸ் கீரை வளர்க்கும் வாளிக்குள் பச்சையாகப் படிந்திருந்தது பாசிதான்.

(விளக்கம்: மண் கிடையாது. வாளியில் உரம் கலந்த தண்ணீர், மூடியில் ஆறு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு செடி. வேர்கள் தண்ணீரில், இருட்டில் தொங்க வேண்டும். இடுக்கில் வெயில் புகுந்தால் பாசி வரும். செடியின் சாப்பாட்டை அது தின்றுவிடும். அறிவியல் முடிந்தது. தூங்கியவர்கள் எழுந்திருக்கலாம்.)

2.

முதல் தொடக்கம்: "இலைகளின் மேல் பனித்துளிகள் முத்துக்களைப் போல…"

அடித்துவிட்டேன். எங்கள் பால்கனியில் மேல்வீட்டு ஏசி தண்ணீர்தான் சொட்டும்.

ஆறாவது தொடக்கம்: அவள் பரிசோதனைக்கூட வேலையை விட்டு இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. அப்பா அவளோடு பேசியும் இருபத்தாறு நாள்.

(அவள் நான்தான். "நான்" என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.)

அப்பாவின் பேச்செல்லாம் அம்மா வழியாகத்தான் வந்தது. மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தாலும்.

"உன் பொண்ணு படிச்ச படிப்புக்கு வாளியில தழை வளர்க்குறா. ஆடு எப்ப வருதுன்னு கேளு."

"ஆடு எப்ப வருதாம்?"

"எனக்கும் காது இருக்கும்மா."

3.

துப்பறியும் பகுதி. தினமும் இரவு மூடியை அழுத்தி மூடிவிட்டுத்தான் படுப்பாள். காலை பத்து மணிக்கு எழுந்து வந்தால் (வேலையில்லாதவள், மன்னியுங்கள்) ஒரு ஓரம் விரலளவு தூக்கியிருக்கும். ஆறு செடியில் மூன்று வாடிவிட்டன.

"அம்மா, நீயா திறக்குற?"

"ஆமா, எனக்கு வேற பொழப்பு இல்ல பாரு."

ஒருநாள் ஆறு மணிக்கே விழிப்பு வந்தது. பால்கனியில் அப்பா. லிஃப்ட் மெக்கானிக் சீருடையில் குந்தியிருந்தார். லிஃப்ட் குழிக்குள் அடிக்கும் டார்ச்சை வேர்களின் மேல் அடித்து, அளவு நாடாவை நீட்டினார்.

"நேத்து அஞ்சு. இன்னிக்கு அஞ்சரை," என்றார் தனக்குத்தானே. சிரித்தார். மூடியைக் கோணலாக வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

(ஊரார் லிஃப்ட் கதவுகளை இருபத்தெட்டு வருடமாக இம்மி பிசகாமல் மூடவைக்கும் மனிதருக்கு ஒரு வாளியை மூடத் தெரியவில்லை. நானே கற்பனை செய்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.)

4.

முடிவு அ: அவள் சொல்லிவிடுகிறாள். அவர், "யாரு திறந்தாங்களாம்?" என்று அம்மாவிடம் கேட்கிறார். பிறகு அந்தப் பக்கமே வருவதில்லை. செடிகள் பிழைக்கின்றன.

முடிவு ஆ: அவள் சொல்வதில்லை. மீதி மூன்றும் சாகின்றன. அவர் அளப்பதற்கு வேரே இல்லை.

முடிவு இ: அப்பா கண்கலங்கி அவளை… (அவரைத் தெரிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.)

அம்மா இதுவரை படித்தாள்.

"இதுக்கு எதுக்குடி இத்தனை பக்கம்? நேரா போய்ச் சொல்லு."

"நீ சொல்லேன்மா."

"இத்தனை நாள் உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரி வேலை பார்த்தாச்சு. ராஜினாமா."

5.

வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி ஆறு ஆகப்போகிறது. இந்தக் கதைக்குப் பதினோரு தொடக்கம் எழுதியவளிடம், மூடியைப் பற்றிச் சொல்லியும் நாளை அவரை இங்கே வரவைக்கக்கூடிய ஒரு வாக்கியம் இல்லை.

உங்களிடம் இருந்தால் கொடுங்கள். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. அப்பாவின் அறைக் கதவு திறந்துவிட்டது.

சீக்கிரம்.