ஆம்புரோஸ் எழுதாத வரி

வினிஃப்ரெட் ஆல்டர்சன் நார்தாலர்டன் ஆவணக் காப்பகத்துக்குப் போகத் தொடங்கியபோது தம்பி கிளைவ் கேலி செய்தான். "உயிரோட இருக்கறவங்களையெல்லாம் பாத்து முடிச்சுட்டியா வின்னி, செத்தவங்களைத் தேடிக் கிளம்பிட்ட?" சொன்னவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். அவன் மகன் மார்ட்டின் மலைச்சரிவில் வண்டி கவிழ்ந்து இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தப் பெயரை அவன் யாரிடமும் எடுப்பதில்லை.

அவள் தேடியது ஏழு தலைமுறைக்கு முந்தைய ஆம்புரோஸை. 1763இல் ஊர்த் தேவாலயத்தில் எழுத்தராக இருந்தவர். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாமே பதிவேட்டில் அவர் கைப்பட எழுதியவை. சாய்ந்த, நெருக்கமான எழுத்து.

அந்த மார்ச்சில் ஊருக்குள் பெரியம்மை புகுந்திருந்தது. ஒன்பதாம் தேதி அடக்கம், ஹன்னா, ஆம்புரோஸ் ஆல்டர்சனின் மகள். பன்னிரண்டாம் தேதி ரால்ஃப். பதினான்காம் தேதி மார்ஜரி. மூன்றையும் அவரே எழுதியிருந்தார். எழுத்து கொஞ்சமும் கோணவில்லை. பதினெட்டாம் தேதி, ஒரு வயது மைல்ஸ். அந்த வரி மட்டும் வேறு யாரோ எழுதியது. பெரிய, உருண்டையான எழுத்து. பாதிரியாராக இருக்க வேண்டும்.

அதன்பின் ஏழு மாதம் ஆம்புரோஸின் எழுத்தே இல்லை. அக்டோபர் கடைசியில்தான் மறுபடி வந்தது: ஞானஸ்நானம், பார்னபி, ஆம்புரோஸின் மகன். மற்றப் பிள்ளைகளைப் புதைத்தபோது வயிற்றில் இருந்தவன். வினிஃப்ரெட்டும் கிளைவும் அவன் வம்சம்.

வினிஃப்ரெட் ஆம்புரோஸ் மனைவியின் அடக்க வரி கிடைக்கும்வரை பதிவேட்டைப் புரட்டினாள்.

மறுநாள் கிளைவின் பண்ணைக்குப் போனாள். ஆடுகள் ஈனும் சமயம். கொட்டகையில், அப்போதுதான் பிறந்த குட்டியொன்றை வைக்கோலால் துடைத்துக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டான். மைல்ஸ் வரியை ஆம்புரோஸ் எழுதவில்லை என்றதும் கை நின்றது.

"அந்தப் புள்ளைங்களோட அம்மா என்ன ஆனா?"

"அப்புறமும் முப்பத்தொரு வருஷம் இருந்தா."

"எப்படி இருந்தா?"

"அதையெல்லாம் யாரும் எழுதி வைக்கலடா."

குட்டியைத் தாயிடம் விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தான். "கல்லு வெட்டறவர் மூணு தடவை போன் பண்ணிட்டாரு. மார்ட்டின் கல்லறைக் கல்லுல என்ன போடணும்னு. நானும் பேப்பரை வெச்சுக்கிட்டு உக்காந்து உக்காந்து பாக்கறேன். பேரைக்கூட எழுத வரல, வின்னி."

"நான் எழுதட்டுமா?"

சரியென்று தலையாட்டினான். மகன் போனதிலிருந்து முதல்முறையாக அவள் எதிரில் அழுதான். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பொறந்த தேதி சொல்லு," என்றாள் பிறகு.

"ஆகஸ்ட் நாலு." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அன்னிக்குப் புல்லறுப்பு. நான் வீட்டுல இல்ல."