வடமேற்கு அறை

திசைகாட்டியின் முள் ஆடி நிற்பதற்குள் அந்த வீட்டின் மகன் என் காதருகே வந்து, "சார், ஞாபகம் இருக்கில்ல?" என்றார். இருந்தது. முந்தின நாள் போனில் பேசியபோது மனிதர் பாதி நேரம் தொண்டையைத்தான் செருமினார். மீதி நேரத்தில் சொன்னது இதுதான்: அப்பாவின் அறை அவருக்கு வேண்டும். வீட்டிலிருந்தே வேலை, ஹாலில் உட்கார்ந்து மீட்டிங் பேச முடியவில்லை. அப்பாவுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் இடம் சொல்லி வைத்தாயிற்று. ஆனால் அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. "நாங்க சொன்னா மனசு கஷ்டப்படும் சார். நீங்க சொன்னா சாஸ்திரமாயிடும்."

இந்தத் தொழிலில் இது புதிதில்லை. வீட்டுக்குள் பேச முடியாததைப் பேச, வெளியிலிருந்து ஒரு வாய் தேவைப்படுகிறது. ஒரு மாமியாரின் பீரோவை 'மரம் அதிகமாயிடுச்சு' என்று சொல்லி நான் வாசலுக்கு அனுப்பியிருக்கிறேன். கணவனின் சிநேகிதர்கள் கூடுகிற பால்கனியில் நெருப்பின் கோளாறு கண்டுபிடித்திருக்கிறேன். முன்பு மீன்தொட்டி விற்றுக்கொண்டிருந்தவன் நான். தொட்டி வாங்க வந்த ஒருவர் எந்தப் பக்கம் வைக்கலாம் என்று கேட்டார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மறுவாரமே அவர் சிபாரிசில் இரண்டு பேர் வீட்டைக் காட்டக் கூப்பிட்டார்கள். ஃபெங் சுயி என்கிற சீன வாஸ்துப் புத்தகத்தை வாங்கிப் படித்ததெல்லாம் அதற்கப்புறம்தான். நம் பஞ்சபூதத்தில் காற்றும் ஆகாயமும் இருக்கின்றன, இரண்டையும் பையில் போட்டு விற்க முடியாது. சீனக் கணக்கில் அவற்றுக்குப் பதில் மரமும் உலோகமும். செடி விற்கலாம், மணி விற்கலாம். விவரமானவர்கள். என் சொந்த வீட்டில் ஐந்தும் அதனதன் இடத்தில் அம்சமாக இருக்கின்றன. மனைவிதான் தன் தங்கை வீட்டில் இருக்கிறாள்.

பெரியவர் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். "இந்தப் பெட்டியைப் பாத்துத்தான் வடக்கு தெரியுமா தம்பி? நானெல்லாம் வெயிலைப் பாத்தே ஓட்டிருவேன்" என்று சிரித்தார். சமையலறையில் நீரும் நெருப்பும் முட்டிக்கொள்கின்றன, நடுவே ஒரு செடி வையுங்கள் என்றேன். மருமகள் தலையாட்டினாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. ஹாலில் மண் குறைவு, ஒரு மண்ஜாடி. எல்லாம் வழக்கமான பாட்டுத்தான். கடைசியாக அந்த அறை.

தரை ஈரம் காயாமல் பளபளத்தது. ஜன்னல் கம்பிகூடத் துடைக்கப்பட்டிருந்தது. சட்டைகள் ஆணிகளில் ஒரே பக்கம் பார்த்துத் தொங்கின. ரப்பர் பேண்டு சுற்றிய ரேடியோவுக்குக் கீழே மடித்த துண்டு. சுவரில் பேத்தி வரைந்த பஸ், ஆறு சக்கரமும் ஒரே பக்கத்தில். பெரியவர் எனக்கு முன்னால் நுழைந்து, பரீட்சைத் தாளைத் திருத்தக் கொடுத்தவர் மாதிரி ஓரமாக நின்றார்.

"யாரோ வீடு பாக்க வராங்கன்னு மருமக சொல்லுச்சு. ரூம் சுத்தமாத்தானே தம்பி இருக்கு?"

நான் தயாரித்து வந்திருந்த வசனத்தை ஓரமாக வைத்தேன். திசைகாட்டியைப் பார்த்தேன். வடமேற்கு. பிறகு, இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாக, புத்தகத்தில் இருப்பதை இருக்கிறபடியே சொன்னேன்.

"சீன சாஸ்திரப்படி இது உலோகத்தோட மூலை ஐயா. வடமேற்குன்னா அப்பாவோட இடம். ஒரு வீட்டுல அப்பா இங்கதான் இருக்கணும். அவரை நகத்தினா வீடு ஆட்டம் கண்டுடும்."

பெரியவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "பாத்தியாடா! சீனாக்காரன் சொல்றான்!"

பெரிய வீரன் என்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. அது அரை நிமிஷம்கூடத் தங்கவில்லை. மகனின் முகம் வெளுத்திருந்தது. "இல்ல சார்... நீங்க நேத்து... அது வந்து..." மருமகள் நிலைப்படியில் நின்று புடவை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பெரியவரின் சிரிப்பு உதட்டில் இருக்கும்போதே கண்கள் மகனிடம் போயின. பின்னால் வரும் வண்டிக்கு வழிவிடலாமா என்று டிரைவர் கண்ணாடியில் பார்ப்பாரே, அந்தப் பார்வை. மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மகனைப் பார்த்தார்.

"தம்பி சரியாத்தான்டா சொல்றாரு" என்றார் மெதுவாக. "அப்பாவோட இடம். இப்போ இந்த வீட்டுல அப்பா யாரு? பாப்பாவுக்கு நீதானே? நான் தாத்தா."

"அப்பா, நான் அப்படிச் சொல்லல..."

"நீ எங்க சொன்னே. பெட்டி சொல்லுது." என் பக்கம் திரும்பினார். "தாத்தாவுக்கு எந்தத் திசை தம்பி?"

புத்தகத்தில் எட்டுத் திசைக்கும் ஆள் உண்டு. அப்பா, அம்மா, மூன்று மகன்கள், மூன்று மகள்கள். தாத்தாவை யாரும் எங்கேயும் போடவில்லை. ஒரு மீன்தொட்டிக்கு நொடியில் திசை சொன்ன வாய் இது. "வெளிச்சம் வர்ற எந்தப் பக்கமும் நல்லதுதான் ஐயா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் மகனைக் கேட்டார்: "அங்க ஜன்னல் இருக்காடா?"

எங்கே என்று மகன் கேட்கவில்லை. "இருக்குப்பா" என்றார், தரையைப் பார்த்து. "பெரிய ஜன்னல்."

"அப்போ சரி."

மருமகள் சட்டென்று உள்ளே போனாள். சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அடியில் பாத்திரம் எதுவும் இருக்கிற சத்தம் இல்லை.

நான் பையை மாட்டிக்கொண்டு நழுவப் பார்த்தேன். பெரியவர் விடவில்லை. "மூணு ஆம்பளை இருக்கும்போதே இந்தக் கட்டிலை வெளிய எடுத்துருவோம். அப்புறம் இவன் ஒத்தையில தூக்கி இடுப்பைப் பிடிச்சுக்குவான். தம்பி, ஒரு கை குடுங்க." மெத்தையை அவரே சுருட்டி ஜன்னலோரம் சாய்த்தார்.

பழைய இரும்புக் கட்டில், நல்ல கனம். நானும் மகனும் தலைமாட்டைப் பிடித்துப் பின்னோக்கி நடந்தோம். கால்மாட்டை அவர் பிடித்துக்கொண்டார். பாதி வெளியே வந்ததும் நிலையில் மாட்டிக்கொண்டது, முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஹாலில், அவர் அறைக்குள். மகன் கட்டிலின் கம்பியில் நெற்றியை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். தோள்கள் மட்டும் அசைந்தன.

"இழுக்காதீங்க, பெயிண்ட் போயிடும்" என்றார் பெரியவர் உள்ளிருந்து. "கொஞ்சம் சாய்ங்க... இன்னும் கொஞ்சம்... அவசரமே இல்ல, வந்துரும்."