நீலப் பின்னல்

அப்படியானால் இரண்டு வருடமாக நான் கேட்டது எதை?

ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் தூசி துடைக்கக் குனிந்த லோர்னா நிமிரவில்லை. அவள் பின்னிய நீலக் கேபிள் ஸ்பீக்கரிலிருந்து இறங்கி, தரைவிரிப்பில் அழகாக வளைந்து, ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு சாண் முன்பாகவே முடிந்திருந்தது. அதன் நுனியை மடித்துக் கட்டி, ஆம்ப்ளிஃபயர் வைத்த மரத்தட்டின் அடியில் செருகியிருந்தார்கள். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போனது மேஜை விளக்குக்குப் போடும் சாதாரண வயர்.

பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் இணைப்பு போடுவது அவள் கணவன் வெர்லினின் வேலை. மிஞ்சிய நெட்வொர்க் கேபிள் சுருள்களை வீட்டுக்குக் கொண்டுவருவான். நல்ல கேபிள் போட்டால் பாட்டு இன்னும் துல்லியமாகக் கேட்கும் என்று, இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஜூன் மாதம் முழுக்க அவள் சமையலறையில் உட்கார்ந்து அவற்றின் மேலுறையைக் கீறி உரித்தாள். உள்ளே முறுக்கிக் கிடந்த மெல்லிய நீலக் கம்பிகளை மூன்று புரியாகப் பின்னினாள். முழு நீலக் கம்பிகளெல்லாம் ப்ளஸ் முனைக்கு, வெள்ளைக் கோடு போட்டவை மைனஸ் முனைக்கு. கட்டைவிரல் கொப்புளித்தது. மாட்டிய அன்று, பாடகி வரிக்கு முன்னால் மூச்சு இழுப்பது கேட்டது என்றாள். வெர்லின் அவள் நெற்றியில் முத்தமிட்டான்.

இப்போது லோர்னா சமையலறைக்குப் போனபோது அவன் அவித்த முட்டைகளில் மசாலா நிரப்பிக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரும் கேபிளும் மாற்றிப் பாட்டுக் கேட்டுப் பார்க்கும் டேட்டன் நகர ஒலிக் குழுவினர் இரண்டு மணிக்கு வருவார்கள்.

"எத்தன நாளா, வெர்லின்?"

"எது?"

"பின்னாடி பாத்தேன்."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "ஆம்ப்ளிஃபயர் கொதிச்சுது, லோர்னா. தொட முடியல. அவ்வளவு நெருக்கமாப் பின்னினா சில ஆம்ப்ளிஃபயர் தாங்காதாம். நம்ம குழு ரஸ் சொன்னான்."

"ரஸ்ஸுக்குத் தெரியுமா?"

"அவன்தான் கழட்டினான். மொத வாரமே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எவ்வளவு சந்தோஷமா இருந்த! எப்படிச் சொல்றது?"

மாதாமாதம் குழு கூடும்போது நடுநாற்காலி அவளுக்குத்தான். வெர்லின் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் கட்டிய திரைக்குப் பின்னால் போய், அவள் கேபிளையும் கடை வயரையும் மாற்றி மாற்றி மாட்டுவதாகச் சொல்வான். அவள் கண்ணை மூடிக் கேட்டு, "இப்ப என்னோடது" என்பாள். "சரி!" என்று திரைக்குள்ளிருந்து குரல் வரும். ஒரு தடவைகூட அவள் தவறியதில்லை. "லோர்னா காது மாதிரி இன்னும் நாலு காது இருந்தாப் போதும், கேபிள் கம்பெனியெல்லாம் மூட வேண்டியதுதான்" என்பான் ரஸ். எல்லோரும் சிரிப்பார்கள். அவர்களோடு சேர்ந்து அவளும் சிரித்திருக்கிறாள். இப்போது நினைத்துப் பார்த்தாள்: அந்தச் சிரிப்பில் தன்னுடையது மட்டும்தான் வேறு மாதிரி இருந்ததோ?

அவன் பொய் சொன்னதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். ஆனால் தன் காதை இனி எப்படி நம்புவது?

"இன்னிக்குக் கொலம்பஸ்லேருந்து ரெண்டு பேர் புதுசா வர்றாங்க" என்றான் வெர்லின், அவள் முகத்தைப் பார்க்காமல். "உன்னப் பத்திப் பெருமையாச் சொல்லி வச்சிருக்கேன். இந்த ஒரு தடவ மட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

அவள் காபி போடத் தண்ணீர் வைத்தாள்.

இரண்டு மணிக்கு வீடு நிறைந்தது. ரஸ் கோட்டைக் கழற்றும்போதே கூவினான்: "எங்கப்பா நம்ம அதிசயக் காது? வா லோர்னா, வெளியூர்க்காரங்களுக்குக் கொஞ்சம் காட்டு!" யாரோ நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டார்கள். வெர்லின் திரைக்குப் பின்னால் மறைந்தான். இசைத்தட்டில் ஊசி இறங்கியது.

பாடகி மூச்சு இழுத்தாள். லோர்னாவுக்கு இன்றும் தெளிவாகவே கேட்டது. விளக்கு வயரின் வழியாக.

"தயாரா, லோர்னா?" திரைக்குள்ளிருந்து வெர்லின் கேட்டான். "இது எது, சொல்லு பாப்போம்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சமையலறை வாசற்படியிலேயே காபிக் கோப்பையோடு நின்றாள்.

"இல்ல, வெர்லின். நான் உக்காரல."